என் பக்கத்தால் விழுந்த கோல்கள்

அந்தப் பருவத்தில் எங்களுக்கு விழுந்த கோல்களில் முக்கால்வாசி என் பக்கத்தால்தான் விழுந்தன. நான் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். பழி சுமக்கவென்றே உண்டாக்கிய இடம் அது. முன்னுக்கு ஆடுகிறவன் பத்துப் பந்தை வெளியே அடித்துவிட்டு ஒன்றை உள்ளே போட்டால் தோளில் தூக்குவார்கள். நான் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால், "அண்ணைக்கு வயசு போட்டுது, இனி வெளியிலை இருத்துவம்" என்பார்கள். என் வாயும் சும்மா இருக்காது. அதனால் ஆவணி மாதம் முழுவதும் சனிக்கிழமைகளில் யாரோ ஒருவருடன் கொழுவிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் அணியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் உள்ள ஒரு கழகத்தின் கடைசி அணி. ஆட்கள் முழுக்கத் தமிழர். தொழிற்சாலையில் முறை வேலை செய்கிறவர்கள், முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போனவர்கள், இங்கேயே பிறந்து கணினி வேலை பார்க்கும் அணித்தலைவர். இந்த நாட்டுக் கால்பந்தில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. எங்களுக்குக் கீழே புல் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பெயர் வாயில் நுழையாத ஏதாவது கிராமத்துக்குப் போவோம். சோளக் காட்டின் ஓரத்தில் ஒரு மைதானம், சாணித் தண்ணீர் மணம், ஒரேயொரு நடுவர், எங்களைவிட ஒரு முழம் உயரமான பதினொரு விவசாயிகள்.

கோல் காக்கிற எங்கள் கோலி என் மச்சான். என் மனைவியின் அண்ணன். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதிலும் அவரைவிட நல்ல கோலி எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் அவரை 'நீங்கள்' என்பேன், அவர் என்னை 'நீர்' என்பார். மைதானத்தில் அந்த மரியாதைகூடக் கிடையாது. கோலுக்குள் நின்றுகொண்டு ஆட்டம் முடியும்வரை என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு முதலில் புதுமையாகப் பட்டது. என் பக்கத்தால் ஒருவன் உருட்டிவிட்ட பந்து, குழந்தைப் பிள்ளை குனிந்து எடுக்கக்கூடிய பந்து, அவருடைய இடது கைக்கு அருகால் மெதுவாக உருண்டு வலைக்குள் போனது. பந்து உள்ளே போன பிறகுதான் அவர் பாய்ந்தார். அணித்தலைவர் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணை, உங்கடை ஆளை ஏன் விட்டனீங்கள்?"

"நான் விட்டது சரி. உள்ளுக்கை நிக்கிறவர் என்ன நித்திரையோ?" என்று கத்தினேன்.

வேறு நாளென்றால் மச்சான் என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டார். அன்று பேசாமல் பந்தை எடுத்து நடுவே எறிந்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

அடுத்தடுத்த ஆட்டங்களிலும் இதே கதை. வலது பக்கத்தால் வருகிற பந்தைப் புலிமாதிரிப் பாய்ந்து பிடிப்பார். இடது பக்கத்தால் வந்தால் மரம்போல நிற்பார். அணி முழுவதும் என்னைத் தின்றது. நானும் ஆரம்பத்தில் என் கால்களைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் இன்னும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. கழகக் கட்டடத்தில் கோப்பி ஊற்றும்போது குவளைக்கு வெளியே ஊற்றினார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, கதவைத் திட்டினார்.

வெளியூர் ஆட்டங்களுக்கு அவருடைய வாகனத்தில்தான் போவோம். ஏழு பேர் இருக்கக்கூடிய வாகனம், அதில் அவருக்குப் பெருமை. புரட்டாதித் தொடக்கத்தில் ஒரு நாள் நான் அவருக்குப் பின்னால், இடது யன்னலோரம் இருந்தேன். சுற்றுவட்டம் ஒன்று வந்தது. இங்கே சுற்றுவட்டத்தில் இடது பக்கத்தால் வருகிறவனுக்குத்தான் வழி விட வேண்டும். மச்சான் தலையைக் கொஞ்சம் திருப்பினார், பிறகு கழுத்தோடு உடம்பையும் ஆந்தைபோலத் திருப்பினார், பிறகு வாகனத்தை உள்ளே விட்டார். சாணித் தொட்டி இழுத்து வந்த உழவு இயந்திரம் ஒன்று என் யன்னலை நிறைத்துக்கொண்டு நின்றது. கை நீட்டினால் அதன் சக்கரத்தைத் தொடலாம். அந்த மனுசன் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை.

"உவன் என்னத்துக்கு உப்பிடிக் கத்துறான்?" என்று மச்சான் கேட்டார்.

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. அது எங்கே நிற்கிறதென்றே அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரப் பயிற்சியில் நான் அவரைச் சோதித்தேன். அவருடைய இடது பக்கமாக, நாலைந்து எட்டுத் தள்ளி நின்று, ஒன்றும் சொல்லாமல் பந்தை மெல்ல எறிந்தேன். அவர் கண் இமைக்கவில்லை. பந்து காதில் பட்டது. திடுக்கிட்டு, தெரிகிற வலது பக்கம் திரும்பி, "ஆரடா அது?" என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அவரைக் கையில் பிடித்துக் கட்டடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"எப்ப இருந்து?"

முதலில் மழுப்பினார். பிறகு, பழைய கோல் கம்பம் ஒன்றில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"சித்திரையிலை இருந்து. முதல்ல சிலந்திவலை மாதிரி ஆடிச்சுது. இப்ப கறுத்தத் துணி தொங்கவிட்ட மாதிரிக் கிடக்கு. சீனி வருத்தத்தாலை கண்ணுக்கை ரத்தம் கசியுதெண்டு குடும்ப டொக்டர் சொன்னவர். ஆஸ்பத்திரியிலை ஊசி போட நாள் தந்தவை."

"போனீங்களோ?"

"இல்லை."

"மற்றக் கண்?"

"விட்டால் அதுவும் போகுமாம். ஆனா இப்போதைக்கு நல்லாத்தான் தெரியுது."

அந்த 'இப்போதைக்கு' என்ற சொல் என் முதுகில் ஊர்ந்தது. ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வெட்டவெளியில் எங்களைத் தவிர ஒரு காகம் நின்றது.

"கண் பிரிவிலை ஆர் வேலை செய்யிறது தெரியுமே? மாப்பிள்ளையின்ரை சித்தப்பாவின்ரை பிள்ளை. அவள்தான் கண்ணுக்கு மருந்து விடுறது, அவள்தான் பேரைக் கூப்பிடுறது."

அப்போதுதான் எனக்குக் கதை விளங்கியது. மச்சானுடைய ஒரே மகளுக்குக் கோல்டிங்கில் மாப்பிள்ளை சரிவந்து, தை மாதம் கலியாணம் என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முதல் இரண்டு இடத்தில் பேசிக் குழம்பியிருந்தது. ஒன்று சாதகத்தால், மற்றது யாரோ சொன்ன கோளால். பெண்ணின் தகப்பனுக்குச் சீனி வருத்தம் முற்றிக் கண் போகிறது, அது பரம்பரையாக வரும் என்ற கதை கோல்டிங்குக்குப் போனால் இதுவும் நிற்காது என்று அவர் பயந்தார்.

"ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற ஆக்கள் வெளியிலை கதைச்சால் வேலை போயிடும். அது இந்த நாட்டுச் சட்டம்" என்றேன்.

"எங்கடை ஆக்களின்ரை வாய்க்கு எந்த நாட்டிலை சட்டம் இருக்கு?"

"அப்ப கண்ணை வித்துச் சித்திரம் வாங்கப் போறியளோ?"

"தை பிறந்தால் வழி பிறக்கும். தாலி ஏறின அடுத்த நாள் நானே போறன். பிள்ளையின்ரை வாழ்க்கை, மச்சான். நீர் வாய் திறக்கக்கூடாது."

நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. கலியாணம் குழம்பினால் அது என்னால்தான் என்று காலம் முழுக்கச் சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். தன் அண்ணனல்லவா, துடிப்பாள், இழுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "தை மட்டும் பொறுங்கோ. பிள்ளையின்ரை காரியம் முடியட்டும்" என்றாள். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. எனக்கு வந்த எரிச்சலில் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் நிறுத்தினேன். இனி என் வாகனத்தில்தான் போவது, நான்தான் ஓட்டுவது என்றேன். சுற்றுவட்டத்தில் நடந்ததைப் பார்த்திருந்த எல்லோரும் ஓம் என்றார்கள். மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் கோலை விட்டு விலகச் சொன்னதற்கு அவர் இசையவில்லை. இருபது வருசமாகக் கோலுக்குள் நிற்கிற ஆள் திடீரென்று நின்றுவிட்டால் ஏன் என்று ஊர் கேட்கும், கேட்டால் கிண்டும் என்றார்.

அதனால் நான் கத்தத் தொடங்கினேன். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் வைத்துக்கொண்ட ஒரு முறை அது. பந்து என் பக்கத்துக்கு வந்தால், அவருக்காக நான் பார்த்தேன். "இடம், நிலத்தாலை!" "இடம், உயரத்தாலை வருது!" "வெளியிலை வாங்கோ, இப்ப!" "விடுங்கோ, வெளியிலை போகுது!" ஆட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவேன். என் குரல் கேட்ட திக்கில் அவர் பாய்வார். ஆச்சரியம் என்னவென்றால், பிடித்தார். ஒரு கிராமத்து விவசாயி ஆட்டம் முடிந்து பியர் குடிக்கும்போது, நான் என்ன பாட்டுப் பாடுகிறேன் என்று கேட்டான். சாமி பாட்டு என்றேன்.

நாங்கள் வெல்லத் தொடங்கினோம். அதுதான் பெரிய சனியன். கடைசியில் கிடந்த அணி ஐப்பசியில் மேலே ஏறியது. கடைசி ஆட்டத்தை வென்றால் ஒரு படி உயரலாம் என்ற நிலை வந்தது. "அண்ணை, இப்பதான் நீங்கள் ஒழுங்கா ஆடுறியள்" என்று அணித்தலைவர் முதுகில் தட்டினார். எனக்குத் துப்ப வேண்டும்போல இருந்தது. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் மச்சான், "பாத்தீரோ, ஒண்டும் நடக்கேல்லை" என்பார். நான் கத்தக் கத்த அவர் ஆஸ்பத்திரிக்குத் தூரமாகிக்கொண்டு போனார்.

ஒரு சனிக்கிழமை உடைமாற்றும் அறையில், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தபோது, "ஏன் ஒருத்தரும் லைற் போடேல்லை?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நான் அவருடைய சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டிவிட்டேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா மகளை ஹேர்னிங்கில் உள்ள தமிழ்க் கடையில் கண்டேன். மரக்கறித் தட்டுக்கு முன்னால் பாகற்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். நான் இன்னாருடைய மச்சான் என்று அவளுக்குத் தெரியும். சுகம் விசாரித்துவிட்டு, "பிள்ளை, கண் பிரிவிலை எல்லே வேலை?" என்று கேட்டேன்.

அவள் பாகற்காயைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"அங்கிள், என்ரை வேலையைப் பற்றி நான் கதைக்கேலாது. ஆரைப் பற்றியும் கேக்காதேங்கோ."

"நான் ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை."

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பிறகு திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் தக்காளியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பொதுவாத்தான் சொல்லுறன். நாள் குடுத்தால் ஆக்கள் வரவேணும், அங்கிள். சுணங்கினால் பிறகு நாங்கள் ஒண்டும் செய்யேலாது."

அவளுடைய கண் கலங்கியிருந்தது. மச்சானுடைய பெயரை அந்தக் காத்திருக்கும் அறையில் எத்தனை தரம் கூப்பிட்டு, ஆள் இல்லாமல் உள்ளே போயிருப்பாளோ. ஒரு சொல்லும் அவள் வெளியே விடவில்லை. இதை நான் மச்சானிடம் போய்ச் சொன்னேன். "அந்தப் பிள்ளை தங்கம். அவளுக்கு முன்னமே தெரியும், ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நாளைக்கே போவம்" என்றேன். அவர் கொதித்தெழும்பினார்.

"நீர் அவளோடை போய்க் கதைச்சனீரோ? என்ரை குடியைக் கெடுக்கவோ நிக்கிறீர்?"

அதோடு அவர் என்னுடன் பேச்சை நிறுத்திவிட்டார். என் வாகனத்தில் ஏறுவார், பேசமாட்டார். மைதானத்தில் என் குரலுக்குப் பாய்வார், ஆட்டம் முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபத்தில் ஒரு நாள் கத்தாமல் விட்டுப் பார்ப்போமா என்றுகூட நினைத்தேன். பந்து வந்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

கடைசி ஆட்டம் கார்த்திகைத் தொடக்கத்தில், எங்கள் மைதானத்தில். மத்தியானம் கழிந்தும் பனிப்புகார் விலகவில்லை. ஒரு பக்கத்தில் ரயில் பாதை, நடுவில் பற்றைவேலி. கோல் கம்பத்தில் இருந்து பார்த்தால் நடுக்கோடு மங்கலாகத் தெரிந்தது. ஆட்டம் தொடங்க முன், நீள மேலங்கி போட்ட ஒருவர் குடையுடன் வந்து கோட்டுக்கு வெளியே நின்றார். மாப்பிள்ளையின் தகப்பன். காலையில் கலியாண மண்டபம் பார்க்க வந்தவர், சம்பந்தி விளையாடுகிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். மைதானத்தைச் சுற்றி நின்றவர்களில் தமிழ் தெரிந்தவர், நான் கத்துவது விளங்கக்கூடியவர், அவர் ஒருவர்தான்.

மச்சானிடம் ஓடினேன்.

"இண்டைக்கு நிக்காதேங்கோ. காய்ச்சல் எண்டு சொல்லுவம்."

"எங்கை நிக்கிறார்?" என்று கேட்டார். பல நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதற்சொல்.

"வலது பக்கத்திலை. கொடி நடுற இடத்திலை."

அவர் அந்தத் திக்கைப் பார்த்துக் கையை உயர்த்தினார். சம்பந்தியும் கை காட்டினார். "அவர் பாத்துக்கொண்டு நிக்கேக்கை வெளியிலை போய் இருக்கச் சொல்லுறீரோ? போய் உம்மடை இடத்திலை நில்லும்" என்றார்.

ஆட்டம் சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. நான் முன்பில்லாத மாதிரிக் கத்தினேன், இரண்டு பந்தை அவர் என் குரலை வைத்தே பிடித்தார். முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில் எங்களுக்கு மூலை உதை கிடைத்தது. உயரமான ஆள் போதாது, அண்ணையும் வரட்டும் என்று அணித்தலைவர் கூப்பிட்டார். போகமாட்டேன் என்றேன். எல்லோரும் கத்தினார்கள். போனேன்.

பந்து திரும்பிவிட்டது. எதிரணிக்காரன் ஒருவன் நான் விட்டு வந்த பக்கத்தால் பந்தைக் கொண்டு ஓடினான். நான் பின்னால் ஓடினேன். புகாருக்குள் கத்தினேன். ஓடுகிற மூச்சில் குரல் வெளியே வரவில்லை. மச்சான் யாரும் வராத பக்கம் பார்த்துக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். அவனுடைய காலடி கேட்டுக் கடைசி நொடியில் குறுக்கே விழுந்தார். அவர் முகமும் அவன் முழங்காலும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. நடுவர் ஊதினார். பெனால்டி.

நான் போய்ச் சேரும்போது அவர் எழும்பிவிட்டார். வலது கண்ணைக் கையுறையால் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"மச்சான், வெளியிலை போவம்."

"ஒண்டுமில்லை. போம்."

நடுவர் தயாரா என்று கையால் கேட்டார். மச்சான் அதைப் பார்க்கவில்லை. நான் "ஓம் எண்டு தலையாட்டுங்கோ" என்று சொல்லவில்லை. நடுவர் கேட்டிருப்பார் என்ற ஊகத்தில் அவராகவே தலையாட்டினார். என்னைப் பெட்டிக்கு வெளியே போகச் சொன்னார்கள். அப்போது வேலிக்கு அப்பால் ரயில் வந்தது. அதன் இரைச்சல் மைதானம் முழுவதையும் மூடியது. உதைக்கிறவன் ரயிலைப் பார்த்துக்கொண்டு காத்திராமல், இரண்டு எட்டு வைத்து, பந்தை மெதுவாக வலது மூலைக்குத் தட்டினான். மச்சானுக்கு நன்றாகத் தெரிகிற பக்கம் என்று நான் நம்பியிருந்த பக்கம். பந்து வலைக்குள் போய் நின்றது.

ரயில் போய்விட்டது. மச்சான் முழங்காலை மடித்து, கைகளை விரித்து, இன்னும் தயாராக நின்றார். கட்டிப்பிடிக்கத் தொடங்கிய எதிரணிக்காரர்கள் அவரைப் பார்த்து நிறுத்தினார்கள். ஒருவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். அந்த அமைதிக்குள் மச்சான் உரத்துக் கேட்டார்.

"மச்சான், அடிச்சிட்டானோ?"

கோட்டுக்கு வெளியே குடை கீழே விழுந்தது. சம்பந்தி ஈரப் புல்லில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தார்.

"சம்பந்தி, என்ன நடந்தது? கண் தெரியேல்லையோ?"

மச்சானுடைய வாய் கோணியது. "புகாராக் கிடக்கு, சம்பந்தி. புகாருக்குள்ளை..." என்றார். பிறகு அவருக்கே அது போதவில்லை. புல்லிலேயே குந்திவிட்டார். "சீனி வருத்தம். பிள்ளைக்கு ஒண்டும் இல்லை, அவள் சுகமான பிள்ளை. அவளை வேண்டாம் எண்டு சொல்லிப் போடாதேங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டது சம்பந்தி நிற்காத பக்கத்தை.

சம்பந்தி மேலங்கியைக் கழற்றி என் கையில் தந்தார். அந்தக் குளிரில் சேர்ட்டின் நீளக் கையைத் தோள்வரை சுருட்டினார். மேற்கையில் ஒரு வெள்ளை வட்டம் ஒட்டியிருந்தது. விரலில் ஊசி குத்தாமல் இரத்தத்தில் சீனி அளக்கிற வட்டம்.

"இஞ்சை பாருங்கோ, சம்பந்தி. எனக்குக் கனகாலமா இருக்கு. பெடியனுக்கும் போன வருசம் வந்திட்டுது. உங்களுக்குத் தெரிஞ்சால் பொம்பிளை தரமாட்டியள் எண்டு, தை கழியட்டும் எண்டு நாங்களும் பேசாம இருந்தனாங்கள்."

மச்சான் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கண் இரண்டும் அகல விரிந்திருந்தன.

"என்னத்தைப் பாக்கச் சொல்லுறியள்?" என்று கேட்டார்.

நான் அவருக்குப் பக்கத்தில் குந்தி, அவருடைய கையுறையைக் கழற்றினேன். அவருடைய விரலைப் பிடித்து அந்த வட்டத்தின்மேல் வைத்தேன்.